பி.சி.ஆர் சோதனையும் தொற்றும் தன்மையும்

பாலிமரேசு தொடர் வினைச் சோதனை (பி.சி.ஆர் சோதனை) என்பது, ஒரு மாதிரியில் குறிப்பிட்ட கிருமியின் மரபுப்பொருள் உள்ளதா என்பதை, அம்மரபுப்பொருளின் ஒரு சிறு பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் ஆய்வக முறையாகும். தொற்றும் தன்மை என்பது, தீநுண்மம் (வைரசு) தொற்றிய ஒருவரிடமிருந்து, பெருகும் திறனுடைய தீநுண்மம் போதிய அளவில் வெளியேறி மற்றொருவரைத் தொற்றக்கூடிய நிலையாகும். முன்னது ஒரு வேதிப்பொருளின் இருப்பைக் காட்டுகிறது; பின்னது ஓர் உயிரியல் நிகழ்வைக் குறிக்கிறது. ஆகவே 'நேர்மறை' எனக் கிடைக்கும் பி.சி.ஆர் முடிவு, ஒருவருக்குத் தொற்று உள்ளது அல்லது அண்மையில் இருந்தது என்பதற்கு வலுவான சான்றாகும். அவர் அந்த நாளில் நோயைப் பரப்பக்கூடியவரா என்ற வினாவுக்கு அம்முடிவு மட்டும் விடையளிப்பதில்லை.

இவ்வேறுபாடு தீநுண்மவியலாளர்கள் முன்பே அறிந்த ஒன்று. எனினும் 2020 இல் கோவிட்-19 உலகம் முழுவதும் பரவியபோது இது பொதுமக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் சிக்கலாயிற்று. நோயாளியை எந்நாளில் வீட்டுக்கு அனுப்பலாம், செவிலியர் எப்போது பணிக்குத் திரும்பலாம், ஒரு மருத்துவமனைப் படுக்கை எப்போது அடுத்த நோயாளிக்குக் கிடைக்கும் என்பன இச்சோதனையின் முடிவை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைச் சார்ந்திருந்தன.

சோதனை செயற்படும் முறை

பாலிமரேசு தொடர் வினையை 1983 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சீட்டசு நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிசு உருவாக்கினார். இதற்காக 1993 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும், வேறொரு கண்டுபிடிப்புக்காக மைக்கேல் சிமித்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இம்முறையில் மாதிரி முதலில் ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்படுகிறது. அப்போது டி.என்.ஏ-யின் இரு இழைகளும் பிரிகின்றன. பின்னர் வெப்பநிலை குறைக்கப்படும்போது, தேடப்படும் பகுதியின் இரு முனைகளுக்கும் பொருந்துமாறு செயற்கையாக உருவாக்கப்பட்ட பிரைமர் எனப்படும் குறுந்துண்டுகள் அவ்விழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்து டி.என்.ஏ பாலிமரேசு என்னும் நொதி ஒவ்வோர் இழைக்கும் இணையான புதிய இழையைக் கட்டுகிறது. இம்மூன்று படிகளும் சேர்ந்தது ஒரு சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் தேடப்படும் பகுதியின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிக்கிறது. 20 சுழற்சிகளில் ஒரு படி பத்து இலட்சத்துக்கும் மேலாகவும், 40 சுழற்சிகளில் கோட்பாட்டளவில் ஓர் இலட்சம் கோடிக்கும் மேலாகவும் பெருகும்.

கொரோனா, இன்புளுவென்சா, எபோலா முதலிய தீநுண்மங்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ ஆகும். பாலிமரேசு தொடர் வினை டி.என்.ஏ மீதே செயற்படுவதால், முதலில் ஆர்.என்.ஏ-யை டி.என்.ஏ-யாகப் படியெடுக்க வேண்டும். 1970 இல் ஓவர்டு தெமின், தேவிடு பால்ட்டிமோர் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்த ரிவர்சு டிரான்சுகிரிப்டேசு என்னும் நொதி இதற்குப் பயன்படுகிறது. இப்படியும் சேர்ந்த சோதனையே ஆர்.டி.-பி.சி.ஆர் எனப்படுகிறது.

கோவிட்-19 நோயை உண்டாக்கும் சார்சு-கோவி-2 தீநுண்மத்தின் மரபுப்பொருள் ஏறத்தாழ 29,900 எழுத்துக்கள் (நியூக்கிளியோடைடுகள்) நீளமுடையது. சோதனையில் பெருக்கப்படும் பகுதியின் நீளம் பெரும்பாலும் 100 முதல் 200 எழுத்துக்களே. 300 பக்கங்கள் கொண்ட ஒரு நூலில் ஓரிரு பக்கங்களை மட்டும் தேடுவதற்கு இதனை ஒப்பிடலாம். அப்பக்கம் கிடைத்தால், அந்நூல் அங்கு இருந்தது என்று உறுதியாகக் கூறலாம். ஆனால் நூல் முழுமையாக உள்ளதா, அல்லது கிழிந்த தாள்கள் மட்டும் எஞ்சியுள்ளனவா என்பதை அந்த ஒரு பக்கத்தைக் கொண்டு கூற இயலாது.

சி.டி எண்

நிகழ்நேர பி.சி.ஆர் முறையில், பெருக்கப்பட்ட பகுதியின் அளவு ஒளிர்தல் வாயிலாக ஒவ்வொரு சுழற்சியிலும் அளக்கப்படுகிறது. ஒளிர்வு ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடக்கும் சுழற்சியின் எண்ணே சி.டி எண் எனப்படும். தொடக்கத்தில் மரபுப்பொருள் மிகுதியாக இருந்தால் குறைந்த சுழற்சிகளிலேயே எல்லை கடக்கப்படும். எனவே சி.டி எண் குறைவாக இருப்பின் மரபுப்பொருள் மிகுதி என்றும், எண் கூடுதலாக இருப்பின் மரபுப்பொருள் குறைவு என்றும் பொருள்.

ஒவ்வொரு சுழற்சியிலும் அளவு சரியாக இரட்டிப்பதாகக் கொண்டால், சி.டி 35 உள்ள மாதிரியுடன் ஒப்பிடும்போது பிற மாதிரிகளில் உள்ள மரபுப்பொருளின் அளவு பின்வருமாறு அமையும்:

சி.டி 35 – 1 மடங்கு
சி.டி 30 – 32 மடங்கு
சி.டி 25 – 1,024 மடங்கு
சி.டி 20 – 32,768 மடங்கு
சி.டி 15 – 10,48,576 மடங்கு

இவை யாவும் சோதனை அறிக்கையில் 'நேர்மறை' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பத்து இலட்சம் மடங்கு வேறுபாடுடைய இரு நிலைகள் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதே இச்சோதனையைப் பொருள்கொள்வதில் எழும் சிக்கல்களுக்கு முதன்மைக் காரணமாகும்.

மரபுப்பொருளும் உயிர்ப்புள்ள தீநுண்மமும்

ஒரு தீநுண்மம் புதிய உயிரணுவைத் தொற்றுவதற்கு அதன் மரபுப்பொருள் முழுமையாக இருக்க வேண்டும். அதைச் சூழ்ந்த புரத உறையும், உறையின் மீதுள்ள ஒட்டும் புரதங்களும் சிதையாமல் இருக்க வேண்டும். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தீநுண்மத்தை எதிர்க்கும்போது, பிறபொருளெதிரிகள் துகள்களின் மீது ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. தொற்றிய உயிரணுக்களும் அழிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுள் இருந்த ஆர்.என்.ஏ துண்டுகள் உடனடியாக மறைவதில்லை. உதிரும் உயிரணுக்களுடன் சேர்ந்து மூக்கு, தொண்டை, குடல் வழியாக அவை நாட்கணக்கிலும் சிலரிடம் வாரக்கணக்கிலும் வெளியேறுகின்றன. பி.சி.ஆர் சோதனை இத்துண்டுகளையும் உயிர்ப்புள்ள துகளின் ஆர்.என்.ஏ-யையும் வேறுபடுத்துவதில்லை.

இது கொரோனாவுக்கு மட்டும் உரிய தன்மையன்று. தட்டம்மையிலிருந்து நலமடைந்த குழந்தைகளிடம், உடல் தடிப்பு மறைந்து சில மாதங்கள் கழிந்த பின்னும் தட்டம்மைத் தீநுண்மத்தின் ஆர்.என்.ஏ கண்டறியப்பட்டுள்ளது. தட்டம்மை தொற்றும் காலமோ தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்பிருந்து தோன்றிய 4 நாட்கள் வரை என்றே கொள்ளப்படுகிறது.

உயிரணு வளர்ப்புச் சோதனை

மாதிரியில் உள்ள தீநுண்மம் பெருகக்கூடியதா என்பதை அறிய, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களின் மீது அம்மாதிரியை இட்டு, சில நாட்கள் காத்திருந்து, உயிரணுக்கள் சிதைகின்றனவா என்று பார்க்கின்றனர். இதற்குப் பெரும்பாலும் பயன்படும் வீரோ உயிரணுக்கள், 1962 இல் சப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்டவையாகும்.

தொற்றும் தன்மையை மதிப்பிட இதுவே நெருங்கிய ஆய்வக முறை எனினும், இதற்கும் எல்லைகள் உண்டு. உயர்நிலை உயிரியல் பாதுகாப்பு கொண்ட ஆய்வகம் தேவை. முடிவுக்குப் பல நாட்கள் ஆகும். மேலும், வளர்ப்புத் தட்டில் தீநுண்மம் வளரவில்லை என்பதால் அது மனித மூக்கின் உயிரணுக்களில் வளராது என உறுதியாகக் கூற முடியாது. மாதிரியைச் சேமிப்பதிலும் உறையவைத்து உருக்குவதிலும் துகள்கள் சிதைய வாய்ப்புண்டு. அதேபோல், தட்டில் வளர்ந்தது என்பதால் அந்நபர் வேறொருவருக்கு நோயைப் பரப்பியே தீர்வார் என்றும் பொருளில்லை.

கோவிட்-19 குறித்த ஆய்வுகள்

மியூனிக்: 2020 சனவரியில் செருமனியின் மியூனிக் நகர்ப் பகுதியில் ஒரு சிறு நோய்க்கொத்து கண்டறியப்பட்டது. அதில் 9 நோயாளிகளை நாள்தோறும் ஆராய்ந்த முடிவுகள் அவ்வாண்டில் நேச்சர் இதழில் வெளியாயின. நோய் அறிகுறிகள் தோன்றிய முதல் வாரத்தில் தொண்டை, சளி மாதிரிகளிலிருந்து உயிர்ப்புள்ள தீநுண்மம் எளிதாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 8 ஆம் நாளுக்குப் பின்னர் எடுத்த மாதிரிகளில், ஆர்.என்.ஏ அளவு தொடர்ந்து உயர்வாக இருந்தபோதும், ஒன்றிலும் தீநுண்மம் வளரவில்லை. மல மாதிரிகளில் ஆர்.என்.ஏ மிகுந்திருந்தும் உயிர்ப்புள்ள தீநுண்மம் கிடைக்கவில்லை.

மானிட்டோபா: கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில் பி.சி.ஆர் நேர்மறையான 90 மாதிரிகள் வீரோ உயிரணுக்களில் இடப்பட்டன. அவற்றுள் 26 இல் மட்டுமே தீநுண்மம் வளர்ந்தது. சி.டி எண் 24-ஐ விடக் கூடுதலாக இருந்த மாதிரிகளிலும், அறிகுறி தோன்றி 8 நாட்களுக்குப் பின் எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் வளர்ச்சி காணப்படவில்லை. இந்த 24 என்னும் எண் பின்னர் பலராலும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆயினும் அது ஓர் ஆய்வகத்தின் கருவிக்கும் முறைக்கும் உரியது. எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான எல்லையன்று.

தென் கொரியா: 2020 ஏப்ரலில், குணமடைந்து வீடு திரும்பியவர்களில் பலர் மீண்டும் நேர்மறையாவதாகச் செய்திகள் வந்தன. தீநுண்மம் உடலில் மறைந்திருந்து மீண்டும் எழுகிறதோ என்ற அச்சம் உலகெங்கும் பரவியது. கொரிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் இவ்வாறான 285 பேரை ஆராய்ந்து, அவர்களுடன் தொடர்பிலிருந்த 790 பேரைக் கண்காணித்தது. மீண்டும் நேர்மறையானவர்களிடமிருந்து தொற்று பரவியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 108 பேரின் மாதிரிகளை வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தியதில் எதிலும் தீநுண்மம் வளரவில்லை. எஞ்சியிருந்த ஆர்.என்.ஏ துண்டுகள் ஒரு நாள் பிடிபட்டும் மறுநாள் பிடிபடாமலும் போனதே மாறிமாறி வந்த முடிவுகளுக்கு விளக்கமாக ஏற்கப்பட்டது.

விடுவிப்பு விதிகளில் மாற்றம்

உலகப்பரவலின் தொடக்கத்தில், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு மாதிரிகளும் எதிர்மறையானால் மட்டுமே நோயாளியைத் தனிமையிலிருந்து விடுவிக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்திருந்தது. இதன் விளைவாக, காய்ச்சலும் இருமலும் நீங்கி நன்கு தேறியவர்கள்கூட இரண்டாம் எதிர்மறை முடிவுக்காக வாரக்கணக்கில் மருத்துவமனைகளில் காத்திருந்தனர்.

பின்னர் நாடுகள் நாட்கணக்கு முறைக்கு மாறின. இந்திய நடுவண் சுகாதார அமைச்சகம் 2020 மே 8 அன்று வெளியிட்ட திருத்திய கொள்கையின்படி, இலேசான நோயுடையவர்கள் அறிகுறி தோன்றி 10 நாட்களும், காய்ச்சலின்றி 3 நாட்களும் கழிந்தால் மறுசோதனையின்றி வீடு திரும்பலாம். கடுமையான நோயுடையோருக்கு எதிர்மறை முடிவு தேவை என்பது நீடித்தது. உலக சுகாதார அமைப்பும் 2020 மே 27 அன்று தன் பரிந்துரையை மாற்றியது. அறிகுறி உடையோருக்கு, அவை தோன்றிய நாளிலிருந்து 10 நாட்களும், அதன்மேல் அறிகுறியற்ற 3 நாட்களும் போதும் என்றது. ஒருமுறை தொற்றிலிருந்து மீண்டவர்களை, அறிகுறி இல்லாத நிலையில், மூன்று மாதங்களுக்குள் மீண்டும் சோதிக்கத் தேவையில்லை என்று ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அவ்வாண்டில் அறிவுறுத்தியது.

சி.டி எண் மட்டும் போதாமைக்கான காரணங்கள்

அறிக்கையில் 'நேர்மறை' என்பதற்கு மாற்றாக சி.டி எண்ணைத் தந்து, அதைக் கொண்டு தொற்றும் தன்மையை முடிவு செய்யலாமே என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. இந்தியாவில் 2021 ஏப்ரலில் நேர்மறைக்கான எல்லையை 24 ஆகக் குறைப்பது குறித்த கேள்வி எழுந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை ஏற்கவில்லை. அவ்வாறு செய்தால் தொற்றைப் பரப்பக்கூடிய பலர் விடுபட்டுப் போவர் என்று கூறி, 35 என்னும் எல்லையையே பின்பற்றுமாறு அறிவுறுத்தியது. இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

1. மாதிரி எடுக்கும் முறை. பஞ்சுக்குச்சி மூக்கினுள் சரியாகச் செலுத்தப்படாமல் பத்தில் ஒரு பங்கு பொருளே ஒட்டியிருந்தால், அதே நபரின் சி.டி எண் ஏறத்தாழ 3.3 கூடும். நோயாளியின் நிலையில் எம்மாற்றமும் இல்லாமலேயே எண் மாறுகிறது.

2. கருவியும் வேதிப்பொருளும். தேடப்படும் மரபணு, பிரைமர், கருவி, ஒளிர்வு எல்லை ஆகியன ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். ஒரே மாதிரி இரு ஆய்வகங்களில் பல சுழற்சிகள் வேறுபட்ட எண்களைத் தரலாம்.

3. காலம். ஒரு நாளின் சி.டி எண் நோயின் போக்கில் ஒரு புள்ளியை மட்டுமே காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, அ, ஆ என்னும் இருவருக்கும் சி.டி 33 எனக் கொள்வோம். அ என்பவர் இரண்டு நாட்களுக்கு முன் தொற்றுக்கு ஆளானவர். அவரிடம் தீநுண்மம் இப்போதுதான் பெருகத் தொடங்கியுள்ளது. ஆ என்பவர் மூன்று வாரங்களுக்கு முன் நோயுற்றுத் தேறியவர்; அவரிடம் இருப்பது எச்சம். இருவரின் எண்ணும் ஒன்றே. அ என்பவர் மறுநாள் ஒரு குடும்பத்துக்கே நோயைப் பரப்பக்கூடும். ஆ என்பவரால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு.

4. வெளியேறும் அளவு. மூக்கில் உள்ள தீநுண்மத்தின் அளவும் காற்றில் வெளியேறும் அளவும் ஒன்றல்ல. இலண்டனில் நலமான இளம் தன்னார்வலர்களை விருப்ப ஒப்புதலுடன் தொற்றுக்கு ஆளாக்கிய ஆய்வில் 36 பேருள் 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. 2023 இல் வெளியான இதன் தொடர் முடிவுகளின்படி, இந்த 18 பேர் காற்றில் வெளியிட்ட தீநுண்மத்தின் 86 விழுக்காடு இருவரிடமிருந்து மட்டுமே வந்தது. பேசும் முறை, இருமல், அறையின் காற்றோட்டம், முகக்கவசம், எதிரில் இருப்பவரின் நோயெதிர்ப்பு ஆகியனவும் பரவலைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் எதையும் ஆய்வகக் கருவி அறியாது.

எதிர்மறை முடிவின் எல்லை

எதிர்மறை முடிவும் இதே கவனத்துடன் அணுகத்தக்கது. தொற்றுக்கு ஆளான முதல் ஓரிரு நாட்களில் மூக்கிலோ தொண்டையிலோ கண்டறியத்தக்க அளவு தீநுண்மம் இருப்பதில்லை. 2020 இல் பல ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்துச் செய்த ஒரு மதிப்பீட்டில், அறிகுறி தோன்றும் நாளிலேயே தொற்றுடையவர்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினருக்குப் பொய்யான எதிர்மறை கிடைக்கலாம் எனவும், அதற்கு மூன்று நாட்கள் கழித்து இது ஏறத்தாழ 20 விழுக்காடாகக் குறையும் எனவும் கணிக்கப்பட்டது. மேலும், ஒரு முடிவு மாதிரி எடுத்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். திங்கட்கிழமை மாதிரி கொடுத்து, புதன்கிழமை எதிர்மறை எனச் சான்றிதழ் பெற்று, வியாழக்கிழமை பயணம் செய்பவர், அதற்குள் தொற்றைப் பரப்பும் நிலையை அடைந்திருக்கலாம்.

விதிவிலக்குகள்

நீண்டநாள் நேர்மறை என்பது எச்சம் மட்டுமே என்று எல்லா வேளையிலும் கொள்ள இயலாது.

நோயெதிர்ப்பு குன்றியவர்கள்: குருதிப் புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை முதலியவற்றால் நோயெதிர்ப்பு குறைந்தவர்களின் உடலில் தீநுண்மம் நெடுநாள் பெருகலாம். 2020 இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், நாள்பட்ட குருதிப் புற்றுநோயுடைய ஒரு பெண்ணிடமிருந்து, நோய் அறிகுறி எதுவும் இன்றியே, 70 நாட்கள் வரை உயிர்ப்புள்ள சார்சு-கோவி-2 பிரித்தெடுக்கப்பட்டதாகக் கூறப்பட்டுள்ளது. இத்தகையோருக்கு 10 நாள் விதி பொருந்தாது.

எபோலா: நோயிலிருந்து மீண்ட ஆண்களின் விந்தில் எபோலா ஆர்.என்.ஏ மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டுக்கும் மேலாகக் காணப்பட்டது. இங்கு அது வெறும் எச்சமாக இருக்கவில்லை. 2015 இல் லைபீரியாவில் நோயிலிருந்து மீண்ட ஒருவரிடமிருந்து பல மாதங்களுக்குப் பின் பாலுறவு வழியே நோய் பரவியது மரபுவரிசை ஒப்பீட்டால் காட்டப்பட்டது. 2021 இல் கினியில் எழுந்த எபோலாப் பரவலின் தீநுண்மமும் 2013–2016 காலப் பெரும்பரவலின் தீநுண்மத்தை மிக நெருங்கி ஒத்திருந்தது. எனவே அது விலங்கிலிருந்து புதிதாக வராமல், முன்பு மீண்ட ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. கண், விரை போன்ற உறுப்புகளில் நோயெதிர்ப்பு அமைப்பின் செயற்பாடு கட்டுப்படுத்தப்பட்டிருப்பதே தீநுண்மம் அங்கு தங்குவதற்குக் காரணமாகும்.

ஆகவே ஒரு நோயில் கண்டறிந்த விதியை மற்றொரு நோய்க்கோ, ஓர் உடற்பகுதியில் கண்டதை மற்றொரு பகுதிக்கோ அப்படியே பொருத்த இயலாது.

பிற சோதனைகள்

பிறபொருளெதிரியாக்கிச் சோதனை (ஆன்டிஜென் சோதனை): இது தீநுண்மத்தின் புரதத்தைப் பெருக்கலின்றி நேரடியாகக் கண்டறிகிறது. புரதம் மிகுதியாக இருக்கும்போது மட்டுமே நேர்மறை காட்டுவதால், பி.சி.ஆர் சோதனையை விட உணர்திறன் குறைந்தது. ஆயினும் உயிர்ப்புள்ள தீநுண்மம் மிகுந்திருக்கும் நாட்களோடு இதன் நேர்மறை முடிவுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. 15 முதல் 30 நிமிடங்களில் முடிவு கிடைப்பதால் அடுத்தடுத்த நாட்களில் மீண்டும் செய்யவும் இயலும். எனினும் இதன் எதிர்மறை முடிவு தொற்றில்லை என்பதற்கு உறுதியான சான்றாகாது.

துணை மரபுத்தொகுதி ஆர்.என்.ஏ சோதனை: கொரோனா தீநுண்மங்கள் உயிரணுவுக்குள் பெருகும்போது மட்டும் உருவாக்கும் குறுகிய ஆர்.என்.ஏ வடிவங்களைத் தேடுவது இம்முறை. மியூனிக் ஆய்வில் இது பயன்படுத்தப்பட்டது. ஆனால் இவ்வடிவங்களும் பெருக்கம் நின்ற பின் சிறிது காலம் சிதையாமல் இருக்கக்கூடும் என்பதால், இதுவும் ஐயமற்ற அளவுகோல் ஆகவில்லை.

தவறான புரிதல்கள்

பி.சி.ஆர் சோதனையின் இவ்வெல்லைகள், அச்சோதனையே பொய் என்ற கருத்தைப் பரப்பவும் பயன்படுத்தப்பட்டன. சோதனையைக் கண்டுபிடித்தவரே அதைக் கோவிட்-19 நோய்க்குப் பயன்படுத்தக் கூடாது என்று கூறியதாகச் சமூக ஊடகங்களில் செய்திகள் உலவின. கேரி முல்லிசு 2019 ஆகத்து மாதத்திலேயே, அதாவது அந்நோய் அறியப்படுவதற்கு முன்பே, காலமாகிவிட்டார்.

தேய்ந்த எச்சத்தைக் காணும் அளவுக்கு உணர்திறன் மிக்கதாக இருப்பதாலேயே, இச்சோதனை நோயின் தொடக்கத்திலும் மிகச்சிறு அளவைக் கண்டறிகிறது. ஒருவருக்குச் சிகிச்சை தேவையா, ஊரில் நோய் நுழைந்துவிட்டதா என்ற வினாக்களுக்கு இவ்வுணர்திறன் இன்றியமையாதது. தொற்றும் தன்மை பற்றிய வினாவுக்கு விடை காண, சோதனை முடிவுடன் அறிகுறி தோன்றிய நாள், தொற்றுக்கு ஆளான நாள், நோயின் கடுமை, நோயாளியின் நோயெதிர்ப்பு நிலை, முந்தைய சோதனைகளின் போக்கு ஆகியவற்றையும் சேர்த்தே கருத வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2021 சனவரியில் ஆய்வகங்களுக்கு விடுத்த அறிவிப்பிலும், எல்லையை ஒட்டிய நேர்மறை முடிவுகளைக் கவனமாகப் பொருள்கொள்ளவும், முடிவு நோயாளியின் நிலையுடன் பொருந்தாவிடில் புதிய மாதிரி எடுத்து மறுசோதனை செய்யவும் அறிவுறுத்தியது.